அம்மிமேல் வைத்த வலது கால்

செருப்பு இல்லாமல் வெறுங்காலோடு வீட்டுக்குள் போட்டு நடக்கிற ஸ்பிளிண்ட்டை இந்த ஊரில் முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான்.

பொய். வரைந்தது மேடம். நான் பிளாஸ்டிக் ஷீட்டை ஓவனில் வைத்து வளைத்தேன். முதல் இரண்டு கருகிப்போயின. மூன்றாவது கருகவில்லை, ஏனென்றால் மேடம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

என் பெயர் பாபு. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கால் சரியில்லாதவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 'மாவுக்கட்டு பாபு' என்றால் தெரியும். நரம்போ தசையோ பலம் குறைந்து பாதம் தொங்கிப்போனவர்கள், வளைந்துபோனவர்கள் எங்கள் கிளினிக்குக்கு வருவார்கள். அவர்கள் காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அந்த அச்சில் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் செய்வது என் வேலை. படிப்பு நாலாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும், ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். நான் சொல்லச் சொல்ல ரிசப்ஷன் மாலா டைப் அடிக்கிறாள். நான் 'இன்னா' என்றால் அவள் 'என்ன' என்று அடிக்கிறாள்; கதையில் ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விடுகிறாள். படிக்க நன்றாக இருந்தால் அவளைப் பாராட்டுங்கள்.

1. வெந்நீர்

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் பக்கெட் கம்பெனியில் இருந்தேன். ஒருநாள் காட்டன் புடவை கட்டிய ஒரு அம்மா உள்ளே வந்து, கையில் இருந்த வெள்ளை ஷீட்டைக் காட்டி, "இதைச் சூடு பண்ணி ஒரு கால் அச்சு மேல படிய வைக்க முடியுமா?" என்று கேட்டார். ஃபோர்மேன் முடியாது என்றார். நான் முடியும் என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஃபோர்மேன் முடியாது என்று சொன்னால் முடியும் என்று சொல்வது அன்றைக்கு என் பழக்கம்.

அந்த அம்மாதான் மேடம். டாக்டர். நரம்பு, தசை வியாதிகளில் கால் மட்டும் ஏன் இப்படி வளைகிறது, எப்படி நிறுத்துவது என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார். முகப்பேரில் ஒரு ஹவுசிங் போர்டு வீட்டின் கீழ்த்தளம்தான் கிளினிக், ஒர்க்‌ஷாப், ஆராய்ச்சிக்கூடம் எல்லாம்.

முதல் நாள், மார்கழிக் காலை. முதல் பேஷன்ட் ஆவடியிலிருந்து வந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். பிளாஸ்டர் பேண்டேஜைத் தண்ணீரில் நனைத்துக் காலில் சுற்ற வேண்டும். பெரியவருக்குக் குளிருமே என்று நான் பாசமாக வெந்நீர் வைத்தேன். சூடான தண்ணீரில் அந்த மாவு சட்டென்று இறுகிவிடும் என்று பக்கெட் கம்பெனியில் யாரும் சொல்லித் தரவில்லை. சுற்றி முடிப்பதற்குள் கட்டு கல்லாகிவிட்டது. அவர் பாதம் உள்ளே. என் இடது கை விரல்களும் உள்ளே.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, டிக்கெட் எடுக்காம ஏறிட்ட. எங்க எறங்கப் போற?"

மேடம் கட்டரோடு வந்து எங்கள் இருவரையும் பிரித்தார். திட்டவில்லை. "பாபு, பச்சைத் தண்ணி" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை எந்த பேஷன்ட் என்னைக் கிண்டல் பண்ண நினைத்தாலும் இந்த வெந்நீர்தான் கையில் கிடைக்கிறது. கண்டக்டர் அவ்வளவு நல்லபடியாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

2. தெரியுதா?

மேடத்திடம் ஒரு நைலான் நூல் இருந்தது, பேனா மாதிரி ஒரு குச்சியின் நுனியில். பேஷன்ட் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மேடம் அந்த நூலால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பார். தெரிந்தால் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். இந்த நரம்பு வியாதியில் உணர்ச்சி விரல் நுனியிலிருந்து போக ஆரம்பிக்கும். பிறகு பாதம், கணுக்கால் என்று மெதுவாக மேலே ஏறும். ஆணி குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது.

முதல் வாரத்தில் நான் ஒரு பேஷன்ட்டின் பாதத்தை நேராகப் பிடித்துத் தூக்கினேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்து அலறிவிட்டார். தன் கால் தானாக மேலே போவதைப் பார்த்தால் யார்தான் அலறமாட்டார்கள்?

அன்றைக்கு மேடம் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "பாபு, இவங்க பாதத்தைத் தொட்டா இவங்களுக்கே சேதி போகாது. முதல்ல முட்டிக்குக் கீழ கை வை. அங்க தெரியும். 'ஓ, யாரோ வந்திருக்காங்க'ன்னு புரியும். அப்புறம் கையை எடுக்காம மெதுவா கீழ இறங்கு. பாதத்துக்கு வர்றப்போ உணர்ச்சி இருக்காது, ஆனா கை எங்க இருக்குன்னு மனசுக்குத் தெரிஞ்சிருக்கும்."

இதை நான் வேலைக்கான டெக்னிக் என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது மேடத்தின் ஆராய்ச்சியை மெட்டி படுத்திக்கொண்டிருந்தது. கால் வளைய வளைய விரல்கள் கொக்கி மாதிரி மடங்கும். அந்த விரலில் மெட்டி இருந்தால் உள்பக்கம் அறுக்கும். வலி தெரியாததால் புண் ஆழமாகிற வரைக்கும் யாரும் பார்ப்பதில்லை. மேடம் வருகிற பெண்களிடமெல்லாம் கழற்றச் சொல்வார். ஒருத்தரும் கழற்றவில்லை.

பூந்தமல்லியிலிருந்து வருகிற ஒரு அம்மா நேராகவே கேட்டுவிட்டது. "இன்னா டாக்டரம்மா இப்டி சொல்ற? ஊட்டுக்காரர் உசுரோட கல்லுகுண்டாட்டம் கீறாரு. மெட்டியக் கழட்டினு போனா அந்தாளு என்னை உள்ள உடுவாரா?"

மேடம் அந்த விரலுக்குப் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார்.

3. கஸ்தூரி

கஸ்தூரி திருவேற்காடு. எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. அப்பாவுக்கு இருந்த அதே கால் இவளுக்கும் வந்துவிட்டது. பாதம் முன்னால் தொங்கும், விரல்கள் மடங்கும், நடந்தால் முட்டியை உயரமாகத் தூக்கித்தான் அடி வைக்க வேண்டும். அவள் வாய்க்கு மட்டும் ஒரு வியாதியும் கிடையாது.

முதல் தடவை வந்தபோதே கேட்டாள். "நீதான் அந்த வெந்நீர் மாவுக்கட்டா?"

"ஆமா. உனுக்கு எவன் சொன்னான்?"

"பஸ்ல கண்டக்டர் தாத்தா சொல்லிச்சு. எனுக்குப் பச்சைத் தண்ணியே போதும், மாவண்ணே."

மாவண்ணே. அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

கட்டு போட்ட பிறகு அது இறுகுகிற வரைக்கும் பாதத்தை நேராக ஒரே நிலையில் பிடித்திருக்க வேண்டும். ஆடக் கூடாது. இந்த வேலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாம். அந்த நேரத்தில் கஸ்தூரி பேசிக்கொண்டே இருப்பாள். கம்பெனி சூப்பர்வைசர் எப்படி நடப்பார் என்று உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக் காட்டுவாள். நான் சிரித்தால் கை ஆடும், அச்சு கெட்டுப்போகும். அச்சு கெட்டால் மறுபடியும் வரச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது அச்சு அடிக்கடி கெட்டுக்கொண்டிருந்தது.

"இதயும் அடிக்கவாண்ணே?" என்று மாலா கேட்கிறாள். அடிம்மா.

ஒருநாள் கட்டு போடும் முன்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ யோசனையில் இருந்தாள். முட்டிக்குக் கீழே கை வைக்க மறந்து நேராகப் பாதத்தைப் பிடித்துவிட்டேன். ரொம்ப நேரம் பிடித்திருந்தேன். அப்புறம் அவள் கேட்டாள்:

"மாவண்ணே, இன்னும் புடிக்கலியா?"

"இத்தினி நேரமா புடிச்சுகினுதான கீறேன்."

கண்ணைத் திறந்து பார்த்தாள். சிரித்தாள். "ஐயே. சொல்லிட்டுப் புடிக்க மாட்டியா?"

நான் ஏதோ ஜோக் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போய் பஃபிங் வீலைப் போட்டுவிட்டு, தீட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அது சும்மா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பிடித்ததில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் போனபிறகு அவள் அம்மாவோடு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை சேகர், திருவேற்காட்டுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவில் ஷேர் வேன் ஓட்டுகிறவர். இவள் அந்த வேனில்தான் வேலைக்குப் போவாளாம். நான் "வாழ்த்துக்கள்" என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை, சுவரில் எழுதியிருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மா வெளியே போனதும் கஸ்தூரி குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரம்மா, அம்மி மிதிக்கணும்."

மேடத்துக்கு உடனே புரிந்தது. எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அம்மிமேல் வலது காலைத் தூக்கி வைத்தால் உடம்பின் முழு பாரமும் இடது கால் ஒன்றில் நிற்கும். ஒற்றைக் காலில் நிற்பதுதான் இவளால் முடியவே முடியாத காரியம். அதுவும் வெறுங்காலில், மேடையில், அத்தனை பேர் முன்னால். எங்கள் ஸ்பிளிண்ட் எல்லாம் ஷூவுக்குள் போடுவதற்கென்று செய்தது. வாசலில் ஷூவைக் கழற்றும்போது இவர்கள் ஸ்பிளிண்ட்டையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார்கள். மேடம் அதை எத்தனையோ வீட்டு வாசலில் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறார்.

"உழுந்துட்டா?" என்றாள் கஸ்தூரி. "அப்பா அவரு கல்யாணத்துலயே உழுந்தாராம். இன்னும் சொந்தக்காரங்க சொல்லிச் சிரிக்கிறாங்க. அப்பாதான் போய்ட்டாரு, அந்தச் சிரிப்பு போவல."

மேடம் கேட்டார். "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"காலு கொஞ்சம் வீக்குன்னு சொல்லிகீறேன்."

"கொஞ்சம் வீக் இல்லம்மா. முழுசாச் சொல்லு. நான் ஸ்பிளிண்ட் தர்றேன். சொல்றது உன் வேலை."

4. மாப்பிள்ளை வந்தார்

மேடம் அன்றே பேப்பரில் வரைந்தார். இடது காலுக்குப் புடவைக்குள் மறைகிற மெல்லிய ஸ்பிளிண்ட். பாதத்துக்கு அடியில் வருகிற பகுதி விரல்களுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், விரல்கள் வெளியே தெரிய வேண்டும். அடியில் வழுக்காத ரப்பர். தெருவை மிதிக்காத, வீட்டுக்குள் மட்டும் போடுகிற பொருள், அதனால் அது செருப்பு ஆகாது. ஐயரிடமும் அப்படியே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாள் கஸ்தூரியின் அம்மா. வலது காலில் ஒன்றும் கிடையாது. இடது காலுக்கு மெட்டி, உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

மெட்டி விஷயத்தில் மேடம் இறங்கி வந்தார். வாய் திறந்த வெள்ளி மெட்டி, அகலப் பட்டை, தளர்வாக. தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து விரலைப் பார்க்க வேண்டும். கஸ்தூரி மெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்பக்க விளிம்பு சதையில் பதியாதபடி ஸ்பிளிண்ட் தீட்டுகிற பஃபிங் வீலில் அதைத் தீட்டினேன். இன்னொருத்தன் போடப் போகிற மெட்டியை நான் வழவழப்பாக்கிக்கொண்டிருந்தேன். நல்லாத்தான் ஆக்கினேன்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் சேகர் தனியாக வந்தார். வேனை வெளியே நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாத்தே, மாவுக்கட்டு பாபுன்றது நீதான?"

"ஆமா. வெந்நீர் கதையெல்லாம் கேட்டுட்டுதான வந்துகீற?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். "அல்லாத்தையும் சொல்லிட்டா அண்ணாத்தே. வேன்லயே. கடைசி ஸ்டாப் வரிக்கும் எறங்காம ஒக்காந்துகினு சொன்னா. காலு வீக்குன்றதுல எனுக்கு ஒண்ணும் இல்ல. நானு தூக்கிகினு வேணாலும் சுத்துவேன். ஆனா ஒண்ணு சொன்னா பாரு…"

"இன்னா?"

"பாதத்தத் தொட்டா அவளுக்குத் தெரியாதாமே. அப்போ அம்மில கால வைக்கறப்போ நான் புடிப்பேன். ஊரே பாக்கும். எனுக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாதுன்னா, இன்னா கல்யாணம் அண்ணாத்தே அது?"

எனக்கு ஒரு ஜோக் வாயில் வந்தது. நல்ல ஜோக். சொல்லவில்லை.

அவளுக்குத் தெரிகிற மாதிரி தொடுகிற அந்த வித்தை ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு ஸ்டூலைக் கிட்டே இழுத்தேன். "காலக் குடு" என்றேன். அவர் பேன்ட்டோடு காலை நீட்டினார்.

"கண்ண மூடு. பாரு, மொதல்ல இங்க. முட்டிக்குக் கீழ. நல்லா அழுத்தி வை, சும்மா படக்குனு தொடாத. அங்க அவளுக்குத் தெரியும். இப்போ கைய எடுக்காத. எடுக்காமலே கீழ வா. கணுக்கால்ல அவளுக்கு மங்கிப்பூடும், ஆனா உன் கை எங்க கீதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பால பாதத்தப் புடி."

அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். பிறகு எழுந்து என்னை உட்கார வைத்து என் காலில் செய்து பார்த்தார். மூன்று நாலு தடவை செய்தார். வேன் டிரைவருக்கு கியர் போடுகிற கை, முதலில் அழுத்தம் ஜாஸ்தி. சரி பண்ணிவிட்டேன்.

போகும்போது வாசலில் நின்று கேட்டார். "உனுக்குக் கல்யாணம் ஆச்சா அண்ணாத்தே?"

"ஓவனக் கட்டிகினு கீறேன்" என்றேன்.

5. மண்டபம்

திருவேற்காட்டில் மண்டபம். மேடம் முதல் வரிசை, நான் பக்கவாட்டில் ஒரு தூண் ஓரம். அங்கிருந்து பார்த்தால் மணமக்களின் முகம் சரியாகத் தெரியாது, கால் நன்றாகத் தெரியும். என் உத்தியோகத்துக்கு அது சரியான இடம்.

கஸ்தூரி அக்னியைச் சுற்றி வந்தாள். தங்கச்சி ஒருத்தி தோள் கொடுத்தாள். இடது காலில் ஸ்பிளிண்ட் இருப்பது எங்களுக்கும் வீட்டாருக்கும் ஐயருக்கும் தெரியும், கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை. அம்மிக்குப் பக்கத்தில் வந்தாள். தரையில் பூ சிதறி ஈரமாக இருந்தது. யாரோ தெளித்த தண்ணீர். அந்த ரப்பர் ஈரத்தில் பிடிக்குமா என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரு நரம்பு வியாதியும் கிடையாது.

சேகர் குனிந்தார். கஸ்தூரி புடவையைக் கொஞ்சம் தூக்கி வலது காலை எடுக்கத் தயாரானாள். கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் டெஸ்ட்டில் பழகிய பழக்கம்.

அவர் பாதத்தைத் தொடவில்லை. புடவைமேல், முட்டிக்குக் கீழே கையை வைத்தார்.

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "மாப்ள, மெட்டி கால்ல போடணும்! முட்டில இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. கை எடுக்காமல் மெதுவாகக் கீழே இறங்கினார். கணுக்கால். பாதம். தூக்கினார். அந்த ஒரு நொடி அவள் இடது காலில் மட்டும் நின்றாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். தங்கச்சி தோளை இறுக்கிப் பிடித்தாள். ஸ்பிளிண்ட் வளைந்து கொடுத்தது, மறுபடி நிமிர்ந்தது, நிறுத்திவிட்டது. வலது கால் அம்மிமேல் இருந்தது. மெட்டி ஏறியது.

கஸ்தூரி கண்ணைத் திறந்து, குனிந்திருந்த அவரிடம் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். நாதஸ்வரச் சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் நான் எத்தனையோ வருஷம் பேஷன்ட்டுகளின் வாயிலிருந்து அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவன். உதடு அசைவதைப் பார்த்தாலே போதும்.

தெரியுது.

புதிதாக வருகிற பிள்ளைகளே, இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். உணர்ச்சி போன இடத்தில் நேராகக் கை வைக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிகிற இடத்தில் முதலில் கை வையுங்கள். அங்கிருந்து எடுக்காமல் இறங்குங்கள். ஓவன் சூடு, ஷீட் கனம் எல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள்.

மண்டபத்துக் கதை இன்னும் முடியவில்லை. மேடம் ஒரு ஷேர் வேனில் ஏறிப் போய்விட்டார். நான் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் எல்லாம் விழுந்துவிட்டது, எனக்குத்தான் கை போகவில்லை. தலை நிமிர்ந்தால் கஸ்தூரி. மாலையோடு, யார் தோளும் இல்லாமல், இலை வரிசைக்கு நடுவே வெறுங்காலில், அந்த ஸ்பிளிண்ட்டோடு நடந்து வந்து என் எதிரில் நின்றாள். புடவையைக் கொஞ்சம் தூக்கி மெட்டியைக் காட்டினாள். பிறகு வழக்கமான நக்கல் ஒன்றும் இல்லாமல் மெதுவாகக் கேட்டாள்.

"மாவண்ணே, ஒண்ணு கேக்கணும். இத்தினி வருஷம் நீ என் காலப் புடிச்சுகினு இருந்தப்போல்லாம், நீயி…"

மாலா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறாள். "அண்ணே, அந்த அக்காவே வந்துகீது. ஸ்பிளிண்ட் மாத்தணுமாம். வேன் அண்ணனும் கூட வந்துகீறாரு."

அதற்குள் உள்ளே மாவுக்கட்டு போடுகிற ரூமிலிருந்து சத்தம் வருகிறது.

"மாவண்ணே! வர்றியா, இல்ல இன்னும் வெந்நீர் காய வெச்சுகினு கீறியா?"

நிறுத்தும்மா மாலா. வர்றேன் கஸ்தூரி, பச்சைத் தண்ணிதான்.